சிம்பிளாக ஒரு கல்யாணம்

தையல் மெஷினில் ஒரு பைக் சீட்டுக்கான ரெக்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டுக்குச் சொந்தக்காரர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வல்லத்திராக்கோட்டைக்காரர். என் தங்கை சுமதியைக் கட்டிக்கொடுத்த ஊர்.

“அப்பறமென்னண்ணே, வெள்ளிக்கிழமை ஒங்கள கையில பிடிக்க முடியாது” என்றார்.

“ஏன், வெள்ளிக்கிழமை என்ன?”

“நல்லாக் கேட்டீங்க. ஒங்க தங்கச்சி மக தேன்மொழிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீங்க. என்னன்னு என்னயக் கேக்குறீங்க?”

கால் பெடலிலேயே இருந்துவிட்டது. தையல் கோட்டை விட்டு விலகி, ரெக்சினின் ஓரம் வரைக்கும் கோணலாகப் போய் நின்றது.

“ஆமா ஆமா” என்றேன். “வேலை ஞாபகத்துல…”

“இந்தா, இந்தத் திருக்கோகர்ணம் கோயில்லதானாமே? ஒங்களுக்குப் பக்கத்துலயே ஆயிருச்சு. நடந்தே போயிரலாம்.”

நான் கோணல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ரெக்சினில் ஒரு தடவை ஊசி இறங்கினால் துளை துளைதான். பிரித்தாலும் அந்தத் தடம் போகாது. வேறு துண்டு வெட்டித்தான் தைத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் கிளம்பியதும் சுமதிக்குப் போன் போட்டேன்.

“சொல்லணும்னுதான் இருந்தேண்ணே” என்றாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். “சட்டுபுட்டுன்னு முடிவாயிருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. சிம்பிளா வைக்கிறோம்.”

“நல்லது தாயி. மாப்பிள்ளை எந்த ஊரு?”

“கோயம்புத்தூருண்ணே. அவளோட கம்பெனியில வேலை பாக்குற பையன். அவரு வந்து ஒன்ட்ட விவரமாச் சொல்வாரு. குக்கர் விசில் அடிக்குது, வச்சிரட்டா?”

எனக்கு விசில் கேட்கவில்லை. போன் என் காதில்தான் இருந்தது.

சொல்லுகிறவருக்கு சிம்பிள்

இந்தத் தொடரில் போன வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து நான் கடை போட்ட கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் பழைய கதைக்குள் போக மனம் வரவில்லை. இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சுமதி வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வருவதில்லை. ஆனால் ஊரில் யாராவது படித்துவிட்டுப் போய்ச் சொன்னால்? அதையும் யோசித்தேன். நான் எதையும் யோசிக்காமல் இருந்ததில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியவை. ஆனால் சிம்பிள் என்ற சொல்லை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

எங்கள் கணக்கு வாத்தியார் எந்தக் கணக்கை எழுதினாலும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “சிம்பிள்” என்பார். முன் பெஞ்சில் நாலு தலை ஆடும். என் தலை ஆடாது. கஷ்டமான கணக்கு என்று சொல்லியிருந்தால் எனக்கு வராததில் ஒரு நியாயம் இருந்திருக்கும். சிம்பிளான கணக்கு வராதவன் என்ன ஆள்? அந்தக் கேள்வியோடுதான் தினமும் வீட்டுக்குப் போவேன்.

அப்போதே ஒன்று மனசில் பதிந்துவிட்டது. சிம்பிள் என்பது சொல்லுகிறவருக்கு சிம்பிள். கேட்கிறவரைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலை கிடையாது.

சில வருஷத்துக்கு முன் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. “சிம்பிள் ஆபரேஷன்தான், பயப்படாதீங்க” என்றார் டாக்டர். அவர் சொன்னது உண்மைதான், நல்லபடியாக முடிந்தது. ஆனால் பயப்படாதே என்று சொன்னால் பயப்படாமல் இருக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது சுமதி. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள். நான் புரண்டு படுத்தால் எழுந்துவிடுவாள். “என்னண்ணே?” என்பாள். “ஒண்ணுமில்ல தாயி” என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு வேறு ஆள் கிடையாது, நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

என்னைப் பற்றியும் சொன்னார்கள்

கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிவிட்டேன். நடக்கவில்லை என்று எழுதுவதுதான் சரி. அதிலும் இந்தச் சொல் வருகிறது.

முதலில் பார்த்த பெண் வீட்டார் காபி கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள், சிரித்துப் பேசினார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் கடைக்கு வந்தார்.

“மாப்ள ரொம்ப சிம்பிளா இருக்காரு, எங்களுக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க” என்றார்.

எனக்குச் சந்தோஷம். “அப்ப எப்ப வரச் சொன்னாங்க?”

தரகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, ஒனக்கு யாரு மெஷின் மிதிக்கச் சொல்லிக் குடுத்தது?”

“ஏண்ணே?”

“அவரும் இப்படித்தான் வெள்ளந்தியா? மாப்பிள்ளைய சிம்பிளா இருக்காருன்னு சொன்னா, அந்த வீட்டுப் பக்கம் இனிமே போக வேணாம்னு அர்த்தம். புடிச்சிருந்தா என்ன சம்பாதிக்கிறாருன்னு கேட்ருப்பாங்க.”

இன்னொரு வீட்டிலும் அதே சொல்தான் வந்தது. அப்புறம் தரகரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கடையில் இந்தச் சொல் தினமும் வரும். “சிம்பிளா ஒரு கவர் போட்டு விடுங்கண்ணே” என்று ஆட்டோக்காரர் சொன்னால் மலிவான ரெக்சினை எடுக்க வேண்டும். அதையே ஒரு காலேஜ் பையன் புது பைக்கோடு வந்து சொன்னால் அர்த்தமே வேறு. “பாக்க சிம்பிளா இருக்கணும், ஆனா பாக்குறவன் திரும்பிப் பாக்கணும்” என்பான். அந்த சிம்பிளுக்கு விலை கூட.

காரில் வருகிற பெரிய மனிதர் ஒருவர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு எங்கள் கடைத்தெரு டீக்கடையில் நின்று டீ குடிப்பார். அவர் போனதும், “எவ்வளவு சிம்பிளா இருக்காரு பாரு!” என்று ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். அதே டீக்கடையில், அதே மாதிரி செருப்போடு, நான் இருபது வருஷமாக டீ குடிக்கிறேன். ஒருத்தரும் என்னைப் பார்த்து அப்படி வியந்ததில்லை. சிம்பிளாக இருப்பதற்குக் கொஞ்சம் வசதி வேண்டும்போல.

கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன்

“அவரு வந்து சொல்வாரு” என்று சுமதி சொன்னாள் இல்லையா? அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், என் மச்சான் முருகேசன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கல்யாணம் என்றால் பெண்ணின் தாய்மாமனுக்குப் போனில் சொல்ல மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகை வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு தேடி வந்து கொடுப்பார்கள். சாமிக்கு வைத்த பிறகு அடுத்த பத்திரிகை மாமன் வீட்டுக்குத்தான். மாமன் மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டிவிட்ட பிறகுதான் பெண் மணவறையில் உட்காருவாள்.

அப்படி அழைத்தால்தான் போக முடியும். அழைக்காமல் போனால் மாமனுக்கும் மரியாதை இல்லை, அந்த வீட்டுக்கும் இல்லை.

அதனால் நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அவர்கள் வருகிற நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தால்? “வந்தோம், ஆள் இல்ல” என்று திரும்பிப் போய்விட்டால்? நான் இருப்பது ஒரே ஒரு அறையும் சமையல் கட்டும். வீட்டுக்காரம்மா ராஜாமணி அக்காவிடம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். கிரீம் பிஸ்கட் வாங்கி வைத்தேன். பால் வாங்கிக் காய்ச்சினேன்.

“என்ன தம்பி, கடை தெறக்கல?” என்று ராஜாமணி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “சேரு, பிஸ்கட்டு, ஒரே தடபுடலா இருக்கு. இந்த வயசுல ஒன்னயப் பொண்ணு பாக்க வாராகளா?”

“மச்சான் வாராருக்கா. ஒரு சோலியா.”

“வரட்டும் வரட்டும். அந்தச் சட்டைய மாத்து. சீட்டு தைக்கிற ஆளு மாதிரியே இருக்க.”

“நான் சீட்டு தைக்கிற ஆளுதானக்கா.”

“அதுக்காக மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டா இருப்பாக?”

குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். போனை சார்ஜிலேயே போட்டு வைத்தேன். மணி அடிக்கிறதா என்று சந்தேகம் வந்தது. ராஜாமணி அக்காவின் போனை வாங்கி எனக்கே அடித்துப் பார்த்தேன். அடித்தது. “நாந்தான் பேசுறேன், சொல்லு” என்றார் அக்கா, என் போனை எடுத்துக் காதில் வைத்து, என் எதிரிலேயே நின்றுகொண்டு. சிரித்தேன்.

சாயங்காலம் பாலை நானே குடித்தேன். மறுநாளும் அப்படித்தான் ஆயிற்று.

பயம் எனக்கு வரிசையாக வரும். முதலில், மச்சானுக்கு வண்டியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், என் வீட்டை மறந்துவிட்டாரோ? பன்னிரண்டு வருஷமாக இதே வீடு. அப்புறம், போன தீபாவளிக்கு நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ? அன்றைக்குப் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். “இன்னும் ரெண்டு இட்லி வைங்க மச்சான்” என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதாகவே நினைவில்லை. அதில் என்ன தப்பு? இட்லி கேட்டதா?

வியாழக்கிழமை மத்தியானம் ராஜாமணி அக்கா காய்கறிப் பையோடு வந்து நின்றார்.

“ஒங்க மச்சான் வந்துட்டுப் போயிட்டாரா தம்பி?”

“இல்லக்கா. இனிமேத்தான் வருவாரு.”

“கோயில் ஆபீஸ் வாசல்ல நின்னாரே. ஏதோ ரசீது வாங்கிக்கிட்டு இருந்தாரு. வண்டிய எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போனாரு, டவுன் பக்கமா. நான் இங்கிட்டுத்தான் வருவாருன்னு நெனச்சேன்.”

கோயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

“அவசரமா இருந்திருக்கும்க்கா” என்றேன்.

அக்கா வாய்க்கு எந்தக் கேலியும் வரவில்லை. “நாற்காலி இருக்கட்டும், பொறவு குடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோயிலுக்குப் போக யார் அழைக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேளச் சத்தம் கேட்டது. பெரிய மேளம் இல்லை. ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். சிம்பிள்.

போகக் கூடாது என்று முடிவு செய்தேன். கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அப்போது ஒரு யோசனை வந்தது. மண்டபத்தில் கல்யாணம் என்றால் அழைப்பு வேண்டும். கோயிலுக்குப் போக யார் அழைக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு அர்ச்சனை செய்ய யாரும் போகலாம். அங்கே ஒரு கல்யாணம் நடந்தால் அது நம் தப்பா?

எந்தச் சட்டை போடுவது என்பதில் மாட்டிக்கொண்டேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனால், கூப்பிடாத கல்யாணத்துக்கு ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பார்கள். கடைச் சட்டையில் போனால், அங்கே யார் கண்ணிலாவது பட்டு, பெண்ணுக்கு மாமன் இப்படியா என்று சுமதிக்கு அவமானம். கட்டிலில் சட்டைகளைப் பரப்பிப் போட்டு எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் துவைத்த ஒரு கட்டம் போட்ட சட்டையும் சாதா வேட்டியும். யாரும் எதுவும் சொல்ல முடியாத உடுப்பு. யாரும் கவனிக்கவும் முடியாது.

கோயில் வாசலில் ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். தேங்காய், பழம், கொஞ்சம் பூ. கையில் தட்டு இருந்ததில் எனக்குத் தைரியமாக இருந்தது. யாராவது கேட்டால் காட்டலாம்.

அம்மன் சன்னதியில் கூட்டம் இல்லை. “யார் பேருக்கு அர்ச்சனை?” என்று குருக்கள் கேட்டார்.

“தேன்மொழி. பூச நட்சத்திரம்” என்றேன்.

அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேரம் பார்த்துச் சொன்னவன் நான்தான். எனக்கு நட்சத்திரம் மறக்குமா?

குங்குமமும் விபூதியும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மண்டபத்தில் ஒரு ஓரமாக ஜமக்காளம் விரித்து, நடுவில் ஹோமம் வளர்த்திருந்தார்கள். இருந்தது கொஞ்சம் பேர்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், முருகேசன் மச்சானின் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு இன்னொரு பக்கம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கல் தூண். பின்னால் ஒருத்தன் நின்றால் தெரியாது.

தேன்மொழி தலையைக் குனிந்தபடி வந்தாள். அரக்குப் புடவை. எனக்கு உடனே ஒரு கவலை. முந்தானை ஹோமத்துப் பக்கமாகச் சரிந்திருந்தது. யாராவது எடுத்துச் செருகினால் தேவலை. வாயைத் திறந்து சொல்லியே இருப்பேன். நல்ல வேளை, ஒரு பெண் செருகிவிட்டாள்.

“பொண்ணோட தாய்மாமன் யாரு? முன்னாடி வாங்கோ. பட்டம் கட்டணும்” என்றார் ஐயர்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“தாய்மாமன் இல்லையா?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். சத்தமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும்.

அப்போது சுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

யாரையும் தேடிப் பார்க்கவில்லை. தற்செயலாக நிமிர்ந்தாள். நான் தூணுக்கு வெளியே கொஞ்சம் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் கண் என் மேல் நின்றது.

ஒரு சொல் போதும். “அண்ணே” என்றால் போதும். கையை அசைத்தால் போதும். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருப்பேன்.

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்களே மொறைக்கு ஒருத்தர வச்சு முடிச்சிருங்க சாமி” என்று முருகேசன் மச்சான் சொல்வது கேட்டது. அவருக்கு நான் நிற்பது தெரியாது. யாரோ ஒரு பையன், மாமன் முறை வருகிறவன், எழுந்து போய்ப் பட்டத்தைக் கட்டினான். சிரித்துக்கொண்டே கட்டினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டார்கள், போனான்.

தாலி கட்டும்போது அட்சதை போட வேண்டும். என்னிடம் அட்சதை இல்லை. தட்டில் இருந்த பூவை எடுத்து, அந்தத் திசை பார்த்துத் தூணடியிலேயே போட்டேன்.

காய்ச்சல்

கிளம்பியிருக்க வேண்டும். பிரகாரத்தில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். சுமதிதான் தேடிக்கொண்டு வந்தாள்.

“எப்பண்ணே வந்தே?”

“சாமி கும்பிட வந்தேன் தாயி. வெள்ளிக்கிழமையில்ல.” தட்டைக் காட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

“கோச்சுக்காதண்ணே. மாப்ள வீட்டுல சிம்பிளா இருக்கட்டும்னுட்டாக. எங்க பக்கம் இத்தன பேருதான்னு பேச்சு. அவரோட அண்ணன் தம்பிகளுக்கே பத்தல. நீ நம்ம ஆளு, சொன்னாப் புரிஞ்சுக்குவேன்னு…”

“சொல்லியிருந்தாப் புரிஞ்சிருப்பேன். கூப்பிடலியே தாயி.”

“கூப்பிட்டா நீ வந்துருவியேண்ணே.”

சொன்னதும் அவளுக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“வந்தா வெறுங்கையோடயா வருவ? சீரோடதான் வருவ. அந்தக் கடையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மெஷின வித்துட்டாவது வருவ. வந்துட்டு, அடுப்பு பத்திரம், வயர் பத்திரம், புள்ள பத்திரம்னு எல்லார்ட்டயும் போய்ச் சொல்லிக்கிட்டே இருப்ப. அவுக சிரிப்பாக. ஒன்னயப் பாத்துச் சிரிச்சா எனக்குத் தாங்காதுண்ணே.”

என் மேல் பாசத்தால் கூப்பிடவில்லையா, என்னால் வெட்கப்பட்டுக் கூப்பிடவில்லையா? அவள் சொன்னதை இந்தச் சில மாதங்களில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு சமயம் ஒன்றாகத் தெரிகிறது, ஒரு சமயம் மற்றது. ஒருவேளை அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாதோ என்னவோ. சிம்பிள் என்று ஒரே சொல்லில் மூடி வைத்திருந்தாள். நான் வந்து நின்று திறக்க வைத்துவிட்டேன்.

“மாமா!”

மாலையும் கழுத்துமாகத் தேன்மொழி வந்துகொண்டிருந்தாள். பின்னால் அந்தப் பையன். நல்ல முகம். செருப்பில்லாத கால் கல்லில் குத்துகிறதோ என்னவோ, பார்த்துப் பார்த்து வைத்து வந்தான்.

“மாமா, நீங்க வர முடியாதுன்னு அம்மா சொன்னாங்க. காய்ச்சல் எப்படி இருக்கு? இந்த ஒடம்போட எதுக்கு வந்தீங்க?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்குக் காய்ச்சல் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சுமதியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா முகம் அப்படி இருக்கக் கூடாது.

“விட்டுருச்சு தாயி” என்றேன் தேன்மொழியிடம். “காலையிலதான் விட்டுச்சு. சரி, ஒன்னய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

“சூடே இல்ல” என்றாள்.

“அதான் சொல்றேன்ல. விட்டுருச்சு.”

இரண்டு பேரும் காலில் விழுந்தார்கள். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து வைத்துவிடப் போனேன். நெற்றியில் அந்தப் பட்டம் இருந்தது. அதற்குக் கீழே, புருவத்துக்கு நடுவில், கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே வைத்தேன். மூக்கின் மேல் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் துடைக்கவில்லை.

“பொண்ணு மாப்ள இங்க வாங்க, வெயில் வந்துரும்” என்று போட்டோக்காரர் கூப்பிட்டார்.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாமா. டவுன்ல ஹோட்டல்ல சொல்லியிருக்காங்க. எங்களோட வேன்ல வந்துருங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஹோட்டலில் சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஆள் எண்ணித்தான் சொல்லியிருப்பார்கள். சுமதி பக்கம் திரும்பினேன்.

“காய்ச்சல் விட்ட ஒடம்பு” என்றேன். “வெளிச் சாப்பாடு வேணாம். நீ போ தாயி, பொண்ணு தேடும்.”

போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு அம்மா அவளைக் கையைப் பிடித்துப் போட்டோவுக்கு இழுத்துப்போனார்.

வாசலில்

வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிற இடத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். புதிய ஆள். நான் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினேன்.

“கல்யாணத்து ஆளா, சாமி கும்பிட வந்த ஆளா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“கல்யாணத்து ஆளுன்னா காசு வேணாம். மாப்ள வீட்டுல மொத்தமாக் குடுத்துட்டாக. சாமி கும்பிட வந்ததுன்னா குடுங்க.”

கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. உடைத்த தேங்காய் இருந்தது. அதுவே பதில். பையில் சில்லறையும் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். மண்டபத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. போட்டோ எடுக்கிறார்கள்.

“என்னங்க, சொல்லுங்க. கூட்டம் நிக்கிதுல்ல?”

“பொண்ணுக்குத் தாய்மாமன்” என்றேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். “தாய்மாமனா? ஒரு பட்டு வேட்டி இல்ல, துண்டு இல்ல?”

“சிம்பிளாப் பண்ணிட்டோம்” என்றேன்.

“ஆமா, இப்ப எல்லாரும் அதத்தான் சொல்றாக” என்று அவர் குனிந்து என் செருப்பைத் தேடி எடுத்துக் கீழே போட்டார்.

நான் சில்லறையை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.